முப்பிடாதி அம்மன் ஏறிப் போன ஆமை

ஓலைவிளைக்குள் அந்த ஆமை நுழைந்த காலையில், பிரம்மசக்தி தன் புருஷனிடம் மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வரலாமா என்று மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தோசையைப் பிய்த்துச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார். தெருமுனையில் தேர் திரும்புகிற மாதிரி மண் அரைபடுகிற சத்தம் கேட்டது. சத்தம் கேட்டதில் பதில் சொல்லுகிற வேலை தப்பியதே என்று அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார்.

அவர் பேர் லிங்கத்துரை, ஊர்க்கமிட்டித் தலைவர். அதனால் அவரிடம் ஒன்றைக் கேட்டால் ஊரிடம் கேட்ட மாதிரி. ஊரிடம் கேட்டால் அவர் வாயைப் பார்க்கும். இப்படி ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கொண்டே ஓலைவிளை ரொம்ப காலமாக மரியாதையோடு இருந்து வந்தது. மகள் திருக்கனி ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள், கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள், ஓடைக்கு அந்தப்பக்கம் அவன் வீட்டில் இருந்தாள். ஓடை என்று பேர்தானே தவிர மழைக்காலத்திலும் கணுக்கால் நனைகிற தண்ணீர்தான், கோழிக்குஞ்சுகூட நடந்தே தாண்டிவிடும். ஆனாலும் ஓலைவிளைக்காரர்களுக்கு அது சமுத்திரம். அந்தப்பக்கத்து மனுஷர் ஓலைவிளை ஊர்முகப்பு வளைவுக்குள் செருப்போடு வந்தாலும் குற்றம், செருப்பில்லாமல் வந்தாலும் குற்றம். அந்தப் பையனின் பேரை ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். "அது", "அந்த ஆளு", ரொம்ப மரியாதை வந்துவிட்டால் "அந்தப்பக்கத்துக்காரன்".

"பிள்ள வரட்டும், வேண்டாம்னு யாரு சொன்னா? நம்ம ரத்தம். அந்த ஆளு மட்டும் வரப்பிடாது" என்பது கமிட்டியின் பெருந்தன்மை. இதைப் பிரம்மசக்தி மகளிடம் போனில் சொன்னாள். "எம்மா, நம்ம வீட்டுக் கொடியில நீ துணி காயப்போடுறது இங்கேருந்து தெரியுது. நேத்து பச்சைச் சேலை. எனக்கு மட்டும் வரணும்னு ஆசை இல்லையா? ஆனா அவிய நம்ம வாசலை மிதிக்கக்கூடாதுன்னா, அவிய பிள்ளை மட்டும் அங்க எதுக்குப் பொறக்கணும்?" என்றாள். பிரம்மசக்தி போனை வைத்தாள். பூஜை மாடத்தில் விளக்கை ஏற்றி, அம்மா முப்பிடாதி, எம்பிள்ளைக்கு வலி வரும்போது நான் பக்கத்தில் இருக்கணும், வேறே ஒண்ணும் கேக்கல என்று சொல்லிவிட்டு வந்தாள். தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆமை வைக்கோற்போர் உயரம் இருந்தது. செந்தேரிக் காட்டிலிருந்து வந்திருக்கவேண்டும், காலெல்லாம் சிவப்பு மண். ஓட்டின் மேலே கட்டங்கட்டமாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் பனித்தண்ணீர் தேங்கி நின்றது, பள்ளத்துக்குப் பள்ளம் கூடு, கூட்டுக்குக் கூடு கத்துகிற குஞ்சு. சாம்பல் நிறத்தில், கழுத்து மட்டும் குங்குமம் இட்ட மாதிரி சிவந்த குருவிகள், அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஆமையின் கழுத்துச் சுருக்கத்தில் உண்ணி பொறுக்கிக்கொண்டு, எங்கிருந்தோ இலந்தைப்பழமும் கோவைப்பழமும் கவ்விவந்து அதன் வாய்க்கு முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய குடும்பம் சாமான் சட்டியோடு ஊர் மாறிப் போகிற மாதிரி சளசளவென்று வந்தன. ஆமைக்குக் கண் தெரியாது. இரண்டு கண்ணிலும் தேங்காய்ப்பால் மாதிரி படலம். இடப்பக்கம் இரண்டு குருவி, வலப்பக்கம் இரண்டு குருவி தலையில் உட்கார்ந்து, திரும்பவேண்டிய பக்கத்துக் காதோரச் சதையை அலகால் இழுத்தன. இழுத்த பக்கம் அது திரும்பியது. குழாயடியில் வைத்திருந்த ஒரு குடத்தைக்கூட உருட்டாமல் அவ்வளவு பெரிய உடம்பு வளைந்து போனதைத் தெருவே நின்று பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். இதைப் பின்னால் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஓலைவிளைக்காரர்கள் பார்த்ததை வைத்து முடிவுக்கு வருகிறவர்கள் இல்லை, முடிவுக்கு வந்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆமை வந்தால் குடி கெடும் என்று முதலில் ஒரு பயம் கிளம்பியது. பலசரக்குக் கடை பால்வண்ணன், கமிட்டிச் செயலாளர், உடனே அதற்கு வழி சொன்னார்.

"வாசலுக்குள்ள நுழைஞ்சாத்தான் வே தோஷம். இது நுழையுற அளவுக்கு வாசல் உம்ம வீட்ல இருக்கா? என் வீட்ல இருக்கா? அப்போ தோஷம் எப்படி உள்ள வரும்?"

இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஆமை முப்பிடாதி அம்மன் கோயிலுக்கு நேர் எதிரே போய்ப் படுத்துக்கொண்டதும் இன்னும் சரியாகப் பட்டது. அன்று சாயங்காலமே அது அம்மனுக்கு வாகனமாக வந்த ஆமை என்று முடிவாகி, கழுத்தில் மாலை விழுந்தது. மாலையை அது தின்றுவிட்டது. நைவேத்தியத்தை ஏற்றுக்கொண்டது என்று பூசாரி கும்பிட்டார். பிறகு வளைவில் மின்விளக்கு, மைக் செட், "தெய்வ ஆமையை வணங்க வரும் பக்தர்களை வரவேற்கும்" என்று கும்பிட்ட கையோடு லிங்கத்துரை சிரிக்கிற பிளக்ஸ். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி போட்டு ஜனங்கள் வந்தார்கள். நடுரோட்டில் மலைமாதிரி ஒன்று கிடப்பதைப்பற்றி யாருக்கும் ஆச்சரியம் இல்லை, தங்கள் ஊருக்கு முன்னாலேயே வராமல் இவர்கள் ஊருக்கு எப்படி வந்தது என்பதில்தான் அவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

குருவிகள்தான் ஒத்துவரவில்லை. அதுகளுக்குத் தெய்வமும் தெரியவில்லை, பிளக்ஸும் தெரியவில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த லிங்கத்துரையின் வேட்டியில் ஒருநாள் எச்சம் விழுந்தது. மறுநாள் பிளக்ஸில் அவருடைய சிரித்த பல்லின்மேல் விழுந்தது. வேட்டியைத் துவைத்துவிடலாம். பிளக்ஸை ஊர் பார்த்துவிட்டது. கமிட்டி கூடியது.

"அண்ணாச்சி, நான் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார் பால்வண்ணன் ரகசியக் குரலில். "இதுக இரை எடுக்க எங்கே போகுது தெரியுமா? ஓடைக்கு அந்தப்பக்கம். அங்க எந்தெந்த வாசல்ல என்னென்னத்தக் கொத்திட்டு வருதோ, வந்து நம்ம அம்மன் வாகனத்து மேல உக்காருது."

"அப்படியா சேதி!" என்று எல்லோரும் மூக்கைத் தடவிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அங்கே விளைகிற கத்தரிக்காயைத்தான் பால்வண்ணன் கடையில் எல்லோரும் வாங்கித் தின்றார்கள். கத்தரிக்காய் தராசில் ஏறியதும் சுத்தமாகிவிடும் போலிருக்கிறது. குருவி தராசில் ஏறவில்லை, அதனால் தீட்டு தீட்டாகவே இருந்தது.

முப்பிடாதி அம்மனின் கொடை விழா நெருங்கியது. அம்மனை இந்த வருஷம் சப்பரத்தில் தூக்காமல் ஆமை மேலேயே எழுந்தருளச் செய்து தெருவைச் சுற்றி வருவது என்று தீர்மானம். அதற்கு முன்னால் ஆமைக்குச் சுத்தி செய்யவேண்டும். சாம்பிராணிப் புகை போட்டார்கள், தகரம் தட்டினார்கள், மேலே வலை கட்டினார்கள். குருவிகள் கூட்டமாக எழும்பி, கத்திக்கொண்டே தெருவைச் சுற்றின. கூடுகளை எடுக்கிற வேலைக்கு ஆண்கள் யாரும் முன்வரவில்லை, கொடைக்குக் காப்புக் கட்டிய கை அசுத்தமாகக்கூடாதாம். தலைவர் வீட்டம்மாள் எடுத்தால் ஊருக்கே முன்மாதிரி என்றார்கள். பிரம்மசக்தி ஏணியில் ஏறி, ஒவ்வொரு கூடாக எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்தாள். குஞ்சுகள் அவள் விரலைத் தாயின் அலகு என்று நினைத்து வாயைத் திறந்தன. கீழே நின்று லிங்கத்துரை, "ஏளா, சீக்கிரம். என்ன தாலாட்டவா போறே?" என்றார். அவள் பெட்டியை ஓடைக்கரை வேலிமுள்ளுக்குள் வைத்துவிட்டு, அந்தப்பக்கம் மகளின் கூரை தெரிகிறதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினாள். வரும்போது ஆமையின் முதுகுப் பள்ளங்களைப் பினாயில் ஊற்றிக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. புதுச் சமாதி மாதிரி.

கொடை நாள். நல்ல நேரம் பார்த்து, ஏணி வைத்து, முப்பிடாதி அம்மனைப் பட்டுடுத்தி ஆமை முதுகில் ஏற்றி உட்கார வைத்தார்கள். ஓலைவிளையில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் கோயிலைவிட்டு வெளியே இறங்கினால், திரும்பக் கோயிலுக்குள் போகிறவரைக்கும் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஏறிய வாகனத்திலிருந்து பாதி வழியில் அவளை இறக்கவும் கூடாது. எல்லா வருஷமும் அவள் காலையில் கிளம்பித் தெருவைச் சுற்றிவிட்டு உச்சிவேளைக்குள் திரும்பிவிடுவாள், ஊர் பொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும். இந்த வழக்கத்தால் இதுவரை யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை, ஆகையால் எல்லோருக்கும் அதன்மேல் ரொம்ப பக்தி.

மேளம் முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆமை நகரவில்லை.

வேட்டு வைத்தார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பூசாரி காதருகில் மந்திரம் சொன்னார். ஒருத்தர் பலாப்பழத்தை அறுத்து முன்னால் பிடித்தார், இன்னொருத்தர் பின்னால் நின்று வாலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மெல்லத் தள்ளினார். பால்வண்ணன் மைக்கில், "தெய்வ ஆமை இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், தாமதமான பஸ்ஸுக்குச் சொல்லுகிற மாதிரி. ஜேசிபி வைத்து இழுக்கலாம் என்று ஒரு வாலிபன் சொன்னதற்கு, "அம்மன் மேல இருக்கும்போது மண்ணள்ளுற மிஷினைத் தொட விடுறதா?" என்று எல்லோரும் சேர்ந்து அவனை விரட்டினார்கள். வெயில் ஏறியது. உச்சிவேளை தாண்டியது. ஊரில் ஒரு புகை இல்லை. பால்வண்ணன் கடையில் பன்னும் பிஸ்கட்டும் தீர்ந்தன. ஒருத்தருக்கு வாயு, ஒருத்தருக்குத் தலைசுற்றல். தெய்வ ஆமை என்று கும்பிட்டவர்களே அதைக் கிழட்டு மூதி, குருட்டு மூதி என்று வைய ஆரம்பித்தார்கள். அது வலைக்குக் கீழே கண்ணில் படலத்தோடு, காதோரம் யாராவது இழுப்பார்களா என்று கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டி நீட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துத்தான் பிரம்மசக்தி புருஷன் பக்கத்தில் போனாள்.

"இங்கேருங்க, அதுக்குக் கண்ணே அந்தக் குருவிகதான். வந்த அன்னைக்கு எல்லாரும் பாத்தோம்லா?" என்றாள்.

லிங்கத்துரைக்கும் தெரிந்துதான் இருந்தது. பசி வந்தபிறகு எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. கமிட்டி அங்கேயே நின்றபடி கூடியது. குருவிகளைத் தற்காலிகமாக, ஊர்வலம் முடிகிறவரைக்கும் மட்டும், அனுமதிக்கலாம் என்று தீர்மானித்தது. முடிந்தபிறகு மறுபடி சுத்தி செய்துகொள்ளலாம். ஆனால் குருவிகள் ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு கூரைமேல் அல்லவா உட்கார்ந்திருந்தன? அது யார் கூரை என்று எல்லோருக்கும் தெரியும். யார் போய்க் கேட்பது? காப்புக் கட்டியவர் போகமுடியாது. கட்டாதவர் போனால் தீட்டு. ஒவ்வொருவராகப் பின்வாங்கி, கடைசியில் எல்லோருடைய முகமும் பிரம்மசக்தி பக்கம் திரும்பியது.

"நீங்க போங்க மதினி" என்றார் பால்வண்ணன். "என்ன இருந்தாலும் அந்தப் பையனுக்கு நீங்க மாமியார்லா?"

கல்யாணமாகி இத்தனை நாளில் அந்த உறவை ஓலைவிளை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொல்ல வைத்தது பன் தீர்ந்துபோனது.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத்தான் தொட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. திருக்கனி வாசலில் கால் வீங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனைக்குட்டி மாதிரி வயிறு. அம்மாவைப் பார்த்ததும் அவள் நனைந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கத்தே, உள்ள வாங்க" என்று உள்ளேயிருந்து அந்தப் பையன் வந்தான். வந்த விஷயத்தை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"குருவி நான் சொன்னாக் கேக்குமா அத்தே? கூப்பிட்ட உடனே கூடி உக்காந்து தலையாட்ட அது என்ன கமிட்டியா?" என்றான். பிறகு தாழ்வாரத்தைக் காட்டினான். அவள் முள்ளுக்குள் வைத்துவிட்டுப் போன ஓலைப்பெட்டி அங்கே உத்தரத்தில் தொங்கியது. "பூனை வந்துச்சு. அதான் எடுத்து வந்து கட்டினேன். இந்தப் பெட்டி எங்கே போகுதோ அங்கேதான் அதுக போகும். நீங்க பெட்டிய எடுத்துட்டுப் போங்க."

அவன் அவிழ்த்துக் கொடுத்த பெட்டியைப் பிரம்மசக்தி கையில் வாங்கினாள். கனமே இல்லை. அவளே கொண்டு போயிருக்கலாம். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. பெட்டி மட்டும் வரும், குருவி மட்டும் வரும், ஆமை மட்டும் சுற்றும், மகள் மட்டும் வருவாள், பிள்ளை மட்டும் பிறக்கும். எதிலிருந்தும் வேண்டியதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழுவித் தள்ளிவிடலாம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள், அவளும் ஏணியில் ஏறி அதற்குக் கை கொடுத்திருந்தாள். பெட்டிக்குள் ஒரு குஞ்சு அவள் விரலைப் பார்த்து மறுபடியும் வாயைத் திறந்தது.

"எனக்குக் கை நடுங்குது. நீங்க தூக்குங்க மாப்பிள்ளே" என்று பெட்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவள் கை நடுங்கவில்லை. "எட்டி கனி, நீயும் வா. மெள்ள வா."

அவர்கள் ஓடையைத் தாண்டி வந்தபோது வானமே சாம்பலாகக் கூட வந்தது. வளைவுக்குள் நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. லிங்கத்துரை ஓடிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏளா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குருவியத்தானே கூட்டிட்டு வரச் சொன்னோம்? அந்த ஆளைக் கொல்லைப் பக்கமா வரச் சொல்லு" என்றார்.

"அம்மன் முன்வாசல்லதான நிக்கா?" என்றாள் பிரம்மசக்தி. கோயிலில் விளக்குக்கு எண்ணெய் கேட்கிற அதே மெல்லிய குரல்தான். ஆனால் மைக் திறந்து கிடந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. "இசக்கிராஜா வாராரு. என் மருமகன். வழி விடுங்க."

பசித்த வயிறு வழி விட்டது. தப்பாகச் சொல்லக்கூடாது, ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்துக் கும்பிடவே செய்தார். வலையை அறுத்தார்கள். இசக்கிராஜா ஏணியில் ஏறி, பினாயில் வாடை போகக் குடத்துத் தண்ணீர் ஊற்றிப் பள்ளங்களை நிரப்பி, கூடுகளை ஒவ்வொன்றாக அம்மனைச் சுற்றி வைத்தான். குருவிகள் மழை மாதிரி இறங்கின. இரண்டு அம்மன் தோளில்கூட உட்கார்ந்தன, பட்டில் எச்சம் விழுந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆமை கழுத்தை முழுசாக வெளியே நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் பூசாரியின் விபூதித் தட்டு காலியானது.

இடப்பக்கக் குருவிகள் காதை இழுத்தன. ஆமை எழுந்தது. குலவை, மேளம், வேட்டு. ஆமை வலப்பக்கம் போய்த் தெருவைச் சுற்றவேண்டும். அது இடப்பக்கம் திரும்பி வளைவை நோக்கி நடந்தது.

"வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று பால்வண்ணன் மைக்கில் குருவிகளுக்குக் கட்டளையிட்டார். பெண்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை, இன்னும் பலமாகக் குலவை போட்டு, அம்மனை ஊரைவிட்டு வழியனுப்பி வைத்தார்கள். வளைவு ஆமையின் தோளில் உரசி, லிங்கத்துரையின் சிரிப்போடு மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. ஆமை ஓடையில் இறங்கி, ஏறி, அந்தப்பக்கம் உடைமரத்து நிழலில், திருக்கனி வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், நெடுநாள் தேடிய இடம் கிடைத்த மாதிரிப் படுத்துக்கொண்டது. ஏறிய வாகனத்திலிருந்து அம்மனை இறக்கக்கூடாது. இன்றுவரை அவள் அங்கேதான் இருக்கிறாள்.

மகளும் மருமகனும் ஆமைக்குப் பின்னால் போனார்கள். பிரம்மசக்தியும் போனாள். ஓடைக்கரைவரை வந்து நின்ற லிங்கத்துரை, "ஏளா, நீ எங்க போறே? எனக்குச் சோறு யாரு பொங்குவா?" என்று கத்தினார்.

அவள் திரும்பி நின்று, அடக்கமாகவே சொன்னாள். "அம்மன் கோயிலுக்குத் திரும்பாம அடுப்புப் பத்தவைக்கக்கூடாதுல்லா? அவ அங்கே இருக்கா. நான் அங்கே இருக்கேன்."

திருக்கனிக்கு வலி வந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். பெண் குழந்தை. முதல் அழுகையைக் கேட்டுக் குருவிகளெல்லாம் ஒரே கணம் சத்தத்தை நிறுத்தின. பேத்தியைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை ஆமையின் முதுகுப் பள்ளத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

ஓலைவிளை இன்னும் வழக்கத்தைக் கைவிடவில்லை. "அம்மன் திரும்பலையே, எங்க வீட்ல அடுப்பே பத்தல" என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் வருத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லும்போதே ஏப்பம் வருகிறது. விடியற்காலையில் ஒவ்வொரு கொல்லையிலும் கதவைச் சாத்திக்கொண்டு புகை எழும்புகிறது, அடுத்த வீட்டுப் புகையை யாரும் பார்ப்பதில்லை. லிங்கத்துரைக்குத்தான் பொங்கத் தெரியாது. ஓட்டல் பொட்டலம் கொஞ்சநாள் ஒத்துக்கொண்டது, பிறகு வயிறு மறுத்தது.

ஒரு மத்தியானம் அவர் ஓடைக்கரைக்கு வந்தார். அந்தப்பக்கத்திலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. பிரம்மசக்தி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "தண்ணி கணுக்கால்தான் வருது. வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

யாராவது பார்க்கிறார்களா என்று அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். இந்தப்பக்கம் ஒருத்தரும் இல்லை. அந்தப்பக்கம் உடைமரத்துக்குப் பின்னால், ஆமையின் மறைவில், முதுகைக் காட்டிக்கொண்டு, பால்வண்ணன் தலைவாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டாம் தடவையாகச் சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.